வாஷிங் மெஷின் ஸ்பின்னில் இரைகிறதா? பேரிங்கும் கழலாத போல்ட்டும்

எங்கள் வீட்டு ஃப்ரண்ட் லோட் மெஷின் ஏழாவது வருடத்தில் இரைய ஆரம்பித்தது. முதலில் ஸ்பின்னில் மட்டும். ஆறு மாதம் போனதும் துவைக்கும்போதும். பார்க்க வந்தவர், டிரம் (துணி சுற்றும் உருளை), டப் (அதைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் வெளித் தொட்டி) எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். அது புது மெஷின் விலையில் பாதியைத் தொட்டது. உள்ளே கெட்டிருந்ததோ டிரம்மின் தண்டைத் தாங்கிச் சுற்றவிடும் இரண்டு பேரிங், அவற்றுக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் ஒரு ஆயில் சீல். சரி, நாமே பார்ப்போம் என்று இறங்கினேன். பேரிங் மாற்ற ஒரு மணி நேரம் ஆனது. அதற்கு வழிவிட வேண்டிய ஒரே ஒரு போல்ட்டுக்கு இரண்டு நாள் ஆனது. அதனால்தான் இங்கே போல்ட்டுக்கும் நிறைய இடம் கொடுத்திருக்கிறேன்.

கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள், தண்ணீர்க் குழாயை மூடுங்கள், அடியில் இருக்கும் ஃபில்டரைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியுங்கள். கழற்றும் ஒவ்வொரு வயர் இணைப்பையும் போனில் படம் எடுத்து வையுங்கள். மெஷினின் கனத்தில் கணிசமான பங்கு உள்ளே இருக்கும் கான்கிரீட் எடைக்கல்லுக்குத்தான். அதைத் தூக்கும்போது கூட ஒரு ஆள் இருக்கட்டும்.

ஸ்பின்னில் விமானம் கிளம்புவது போல இரைச்சல்

பேரிங் போனதற்கு முதல் அடையாளம் இதுதான். வேகம் கூடக் கூடச் சத்தமும் கூடும், வேகம் குறையும்போது அதுவும் தேய்ந்து அடங்கும். ஆனால் சத்தத்தை மட்டும் நம்பி மெஷினைப் பிரிக்க வேண்டாம். மூன்று சோதனைகள் போதும்.

ஒன்று, காலி டிரம்மைக் கையால் சுற்றிவிட்டு மெஷினின் பின்பக்கம் காது வையுங்கள். நல்ல பேரிங் மூச்சுக்கூட விடாது. கெட்டது அம்மியில் கொத்தமல்லி அரைப்பது போல கரகரவென்று கேட்கும், விரலிலும் அது தெரியும்.

இரண்டு, டிரம்மின் உள்விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். டிரம்மும் வெளி டப்பும் சேர்ந்து ஆடினால் கவலையில்லை, ஸ்பிரிங்கில் தொங்கும் பொருள் ஆடத்தான் செய்யும். டப் நிற்க, டிரம் மட்டும் தனியாக லொடக்கென்று அசைந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது. கதவைச் சுற்றியுள்ள ரப்பருக்கும் டிரம் விளிம்புக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்றால் டிரம் தொங்கிவிட்டது என்று அர்த்தம்.

மூன்று, பெல்ட் உள்ள மெஷின் என்றால் பின் தகட்டைக் கழற்றி, பெல்ட்டை எடுத்துவிட்டு டிரம்மை மறுபடி சுற்றுங்கள். சத்தம் போய்விட்டால் குற்றவாளி மோட்டார். மோட்டாருக்குள்ளும் சின்ன பேரிங் இரண்டு உண்டு. கார்பன் பிரஷ் தேய்ந்தாலும் சடசடக்கும். இந்தச் சோதனையைச் செய்யாமலே டப்பைப் பிரித்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

பின்புறம் பழுப்புக் கோடு, துணியில் கறுப்பு மை

இது இரைச்சலுக்கு முந்தைய கட்டமாகவும் இருக்கலாம், கடைசிக் கட்டமாகவும் இருக்கலாம். பேரிங் தானாகச் சாவது அபூர்வம். அதற்கு முன்னால் நிற்கும் ஆயில் சீல் தேய்ந்து தண்ணீரை உள்ளே விடுகிறது, சோப்புத் தண்ணீர் கிரீஸைக் கழுவிக்கொண்டு போகிறது, இரும்புக் குண்டு துருப்பிடிக்கிறது. அந்தத் துருநீர் டப்பின் பின்பக்கம், டிரம்மின் தண்டான ஷாஃப்டுக்குக் கீழே பழுப்புக் கோடாக வழியும். உள்பக்கம் கசிந்தால் வெள்ளை வேட்டியில் எண்ணெய் மசி.

கோடு மட்டும் இருக்கிறது, சத்தம் இல்லை என்றால் உங்களுக்கு நல்ல காலம். அப்போதே மாற்றினால் பேரிங்கோடும் சீலோடும் வேலை முடியும். இரைச்சலோடு இன்னும் ஆறு மாதம் ஓட்டினால் ஷாஃப்டும் தேயும், பேரிங் உட்காரும் குழியும் அகலும். அதற்கப்புறம் புது பேரிங் போட்டாலும் நிற்காது. நான் ஆறு மாதம் ஓட்டினேன். ஷாஃப்ட் தப்பியது அதிர்ஷ்டம்.

இடிக்கிறது, குதிக்கிறது, நகர்ந்து வருகிறது

இது பேரிங் இல்லை. ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கும், அல்லது எடைக்கல்லின் போல்ட் கழன்றிருக்கும், அல்லது தரை சமமாக இருக்காது. புது மெஷின் என்றால் முதலில் பின்பக்கம் பாருங்கள்: லாரியில் வரும்போது டப் ஆடாமல் இருக்கப் போட்ட நீளமான டிரான்சிட் போல்ட்களை யாரும் கழற்றாமல் விட்டிருப்பார்கள்.

ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு

டிரம் மெதுவாகச் சுற்றும்போது, சுற்றுக்கு ஒருமுறை டக், டக் என்று அடித்தால், டிரம்மின் முதுகில் இருந்து அதை ஷாஃப்டோடு இணைக்கும் மூன்று கை ஸ்பைடரில் ஒரு கை விரிசல் விட்டிருக்கலாம். ஸ்பைடர் அலுமினியக் கலவை, டிரம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரண்டும் உரசியபடி காரமான சோப்புத் தண்ணீரில் ஊறினால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். தூளை அள்ளிப் போடும் வீடுகளில் கரையாத சோப்பு அந்தக் கைகளின் பின்னால் சேறாகப் படியும். அதற்கடியில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். விரிசல் கண்ட ஸ்பைடரை வெல்டிங் வைத்து ஓட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நிமிடத்துக்கு 1000 முறைக்கு மேல் சுற்றும் பொருள் அது. மாற்றிவிடுங்கள்.

கிணுகிணு என்று உலோகம் உரசினால் டிரம்முக்கும் டப்புக்கும் நடுவில் காசோ, ஹேர்பின்னோ, பிராவின் கம்பியோ விழுந்திருக்கும். ஹீட்டரை உருவிவிட்டு அந்த ஓட்டை வழியாக எடுத்துவிடலாம். ஸ்பின் தொடங்கும் போது மட்டும் கீச்சென்றால் பெல்ட். தண்ணீர் வெளியேறும்போது மட்டும் உறுமினால் பம்ப்.

டாப் லோட், செமி ஆட்டோமேட்டிக்

டாப் லோடில் பேரிங் கிளட்ச் என்னும் கியர் பகுதிக்குள் இருக்கும். அடியில் நடுவிலிருந்து சொட்டினால், அதோடு ஸ்பின்னில் இரைச்சலும் இருந்தால், பெரும்பாலும் கிளட்ச்சை முழுதாக மாற்றுவதே லாபம். அங்கே மல்லுக்கட்டு, தொட்டியின் அடியில் துணியைச் சுழற்றும் தட்டான பல்சேட்டரோடுதான். நடு ஸ்குரூவைக் கழற்றினாலும் அது உப்பிலும் சோப்பிலும் ஒட்டிக்கொண்டு எழும்பாது. போர்வெல் தண்ணீர் வீடு என்றால் இன்னும் மோசம். சுடுதண்ணீரில் வினிகர் கலந்து ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். அப்புறம் இரண்டு பக்கமும் துணிப் பட்டையைக் கொக்கி போலக் கொடுத்து நேர் மேலாக இழுங்கள். ஸ்குரூடிரைவரை ஒரு பக்கம் கொடுத்து நெம்பினால் பல்சேட்டர் உடையும்.

செமி ஆட்டோமேட்டிக்கில் ஸ்பின் தொட்டி ஆடி ஆடி இடித்தால், தொட்டிக்கு அடியிலுள்ள மடிப்பு ரப்பரான பெல்லோ சீலும் அதனுள்ளிருந்து ஷாஃப்டைத் தாங்கும் புஷ்ஷும் போயிருக்கும். அது கசிந்தால் தண்ணீர் நேராகக் கீழே ஸ்பின் மோட்டார் மேல் விழும். உடனே நிறுத்துங்கள். ஷாஃப்டை மோட்டாரோடு இணைக்கும் போல்ட் அங்கே துருவேறி இருக்கும். அதற்கும் கீழே சொல்லும் வைத்தியம்தான்.

பேரிங்தான் என்று உறுதியானபின்

கடைக்கு ஓடும் முன் டப்பைப் பாருங்கள். இரண்டு பாதி டப் ஸ்குரூவால் பூட்டியிருந்தால் வேலை எளிது. சில மெஷின்களில் இரண்டு பாதியையும் உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். அதைத் திறக்க, ஒட்டுக்கோட்டின் மேல் முதலில் போல்ட்டுக்கான துளைகளைப் போட்டுக்கொண்டு, பிறகு ரம்பத்தால் அறுத்து, சேர்க்கும்போது சிலிக்கான் வைத்து முறுக்குவார்கள். செய்ய முடிகிற வேலைதான். ஆனால் முதல் முறை மெஷின் பிரிப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

பேரிங் எண் அதன் விளிம்பிலேயே பொறித்திருக்கும். முன்னால் பெரியது, பின்னால் சிறியது. 6206, 6205 ஜோடி அடிக்கடி வரும். எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்: கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளை அளவு. 6205க்கு 25 மி.மீ., 6206க்கு 30. இது 04லிருந்து மேலே மட்டும். 6203 என்றால் 17 மி.மீ. வெளி விட்டம் 6205க்கு 52, 6206க்கு 62. தண்ணீர் மோட்டாரிலும் இதே பேரிங்கள்தான் இருக்கின்றன. அதனால் மெஷின் ஸ்பேர் கடையில் இல்லாவிட்டாலும் பேரிங் கடையில் கிடைக்கும். கோயம்புத்தூர் மாதிரி பம்பு செய்கிற ஊரில் கேட்கவே வேண்டாம். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ள 2ஆர்எஸ் வகையை வாங்குங்கள். தகட்டு மூடி இசட்இசட் வகை தூசியை நிறுத்தும், தண்ணீரை அவ்வளவாக நிறுத்தாது. பிரபலமான பெயர் அச்சடித்த டப்பா பாதி விலைக்குக் கிடைத்தால் டப்பா மட்டும்தான் அசல். சீலை மட்டும் மெஷின் மாடல் எண் சொல்லி வாங்குங்கள். அதன் அளவு பொதுக்கடையில் பொருந்தாது.

புல்லி போல்ட் அசைய மறுக்கிறது

எனக்கு இரண்டு நாள் ஆனது இங்கேதான். டிரம்மின் பின்னால் பெல்ட் ஓடும் பெரிய சக்கரமான புல்லி, அதன் நடுவில் ஒரே போல்ட். பல மெஷின்களில் அது நட்சத்திர வடிவக் குழியுள்ள ஸ்டார் தலை. நான் செய்த முதல் தப்பு, எதனால் பிடித்திருக்கிறது என்று பார்க்காமலே பலத்தைக் காட்டியது. போல்ட் பிடித்துக்கொள்ள மூன்று காரணம் உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

கம்பெனியிலேயே மரையில் பசை தடவிப் பூட்டியிருப்பார்கள். போல்ட் பளபளவென்று, துரு எதுவும் இல்லாமல், ஆனாலும் அசையாமல் இருந்தால் பசைதான். இதற்கு எண்ணெய் எவ்வளவு தெளித்தாலும் பயனில்லை. சூடு வேண்டும். ஆனால் பக்கத்தில் பிளாஸ்டிக் டப், அதனால் கேஸ் தீ கூடாது. நல்ல வாட் உள்ள சால்டரிங் அயர்ன் நுனியைப் போல்ட் தலையின் குழிக்குள் வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். சூடு போல்ட் வழியாக மரைக்கு இறங்கிப் பசையை இளக்கும். ஆறுவதற்குள் கழற்றுங்கள். இதை எனக்குச் சொன்னவர் எங்கள் தெரு முனை மோட்டார் ரீவைண்டிங் கடை அண்ணன். அதற்குள் நான் ஒரு முழு டப்பா டபிள்யூடி-40 காலி செய்திருந்தேன்.

துரு என்றால் பழுப்பாகத் தெரியும். அங்கே எண்ணெய்தான் மருந்து. ஆனால் தெளித்த உடனே முறுக்கினால் எண்ணெய் மேலேதான் நிற்கும். ராத்திரி தெளித்து, சுத்தியால் தலையில் நேராக நாலு தட்டு தட்டி, காலையில் மறுபடி தெளித்துப் பாருங்கள். தட்டும்போது துரு விரிசல் விடும், எண்ணெய் இறங்க வழி கிடைக்கும். டபிள்யூடி-40 முதலில் தண்ணீரை விரட்டத்தான் செய்யப்பட்டது, 1953இல். துரு போல்ட்டுக்கென்றே விற்கும் பெனிட்ரேட்டிங் ஆயில் அதைவிட நன்றாக இறங்கும். ஒரு எச்சரிக்கை: எண்ணெய் தெளித்த இடத்தில் சூடு காட்டாதீர்கள். தீப்பிடிக்கும்.

வெள்ளைப் பொடி தெரிந்தால் அலுமினியத்தில் இறுகிய ஸ்டீல் போல்ட். ஸ்பைடரை டிரம்மோடு பிடித்திருக்கும் ஸ்குரூக்கள் இப்படித்தான் இருக்கும். சூட்டில் அலுமினியம் ஸ்டீலைவிட அதிகமாக விரியும். எனவே போல்ட்டை விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் ஸ்பைடரை ஹீட் கன் கொண்டு சூடாக்குங்கள். ஓட்டை பெரிதாகி போல்ட் தளரும். டிரம் தனியாக வெளியே வந்த பிறகு செய்கிற வேலை என்பதால் பிளாஸ்டிக் பயம் இல்லை.

காரணம் எதுவானாலும் முறை ஒன்றுதான். குழிக்குள் இருக்கும் அழுக்கை ஊசியால் சுரண்டி, அதில் பொருந்தும் டிரைவர் பிட்டைச் சுத்தியால் தட்டி முழு ஆழம் இறக்குங்கள். முதலில் முறுக்கும் திசையில் ஒரு மயிரிழை கொடுத்துவிட்டு அப்புறம் கழற்றும் திசையில் போங்கள். பொதுவாக இடப்பக்கம் சுற்றினால் கழலும், சில மாடல்களில் தலைகீழ் மரையும் உண்டு. சந்தேகம் இருந்தால் மாடல் எண்ணைச் சொல்லி விசாரித்துவிட்டுத் தொடுங்கள். புல்லி சுற்றாமல் இருக்க அதன் கைகளுக்கு நடுவில் கட்டையைக் கொடுப்பார்கள். கட்டை புல்லி கையின் வேரில் படட்டும், விளிம்பில் பட்டால் அலுமினியம் முறியும். நீளமான பைப் போட்டு மெதுவாக அழுத்துவதைவிடச் சுத்தியால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவர் நல்லது. தொடர்ந்து அழுத்தும் பலம் தலையை முறிக்கும், திடீர் அதிர்வு மரையை விடுவிக்கும்.

குழி வழுக்கிவிட்டது, தலை போய்விட்டது

ஸ்டார் குழி உருண்டையாகிவிட்டால், ஒரு அளவு பெரிய பிட்டை அடித்து இறக்கிப் பாருங்கள். ஆகவில்லை என்றால் தலையின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் பிடித்து, அந்த நட்டை ஸ்பானரால் திருப்புவது நல்ல வழி. வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். டப்பின் மேல் ஈரத்துணி போர்த்தியிருக்க வேண்டும், எலக்ட்ரானிக் போர்டைத் தனியாகக் கழற்றி வைத்திருக்க வேண்டும்.

தலையே முறிந்துவிட்டால் அதுவும் ஒரு வகையில் நல்லதுதான்: புல்லி வெளியே வந்துவிடும், மிச்சப் போல்ட் ஷாஃப்டுக்குள் இருக்கும். நடுவில் சென்டர் பஞ்ச் குறி வைத்து, சின்ன டிரில்லில் தொடங்கிப் பெரிதாக்கி, முறிந்த போல்ட்டைக் கவ்வித் திருப்பும் ஈஸி அவுட் போட்டு எடுக்கலாம். குறி ஒரு மி.மீ. விலகினாலும் ஷாஃப்ட் மரை போய்விடும். கை நடுங்குமானால் லேத் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஷாஃப்ட் டப்பை விட்டு வரவில்லை

புல்லி போனதும் டிரம்மைத் தட்டி முன்பக்கம் இறக்க வேண்டும். ஷாஃப்ட் நுனியில் நேராக அடித்தால் அது காளான் போல விரிந்து பேரிங் வழியாக வெளியே வராது. பழைய போல்ட்டைப் பாதி முறுக்கி, அதன் தலைமேல் கட்டை வைத்து அடியுங்கள். சிதைந்தால் போல்ட் சிதையட்டும்.

பேரிங் வளையம் உள்ளே தங்கிவிட்டது

முன் பேரிங்கைப் பின்பக்கத்திலிருந்தும், பின் பேரிங்கை முன்பக்கத்திலிருந்தும் தட்டி வெளியேற்ற வேண்டும். ஒரே இடத்தில் அடிக்காமல் மேலே, கீழே, இடம், வலம் என்று மாற்றி மாற்றித் தட்டுங்கள். துருவேறிய பேரிங் உடைந்து குண்டுகள் சிதறி, வெளி வளையம் மட்டும் குழியில் நின்றுவிட்டால் உலோகம் அறுக்கும் கை கிரைண்டரால் அதில் ஒரு வெட்டுக் கொடுங்கள். முழுதாக அறுக்காமல் முக்கால் ஆழம் போதும். அப்புறம் உளியால் ஒரு தட்டு, வளையம் பிளந்துவிடும். ஷாஃப்டில் ஒட்டிய உள் வளையத்துக்கும் இதேதான். அதற்கு முன் ரீவைண்டிங் கடையில், பிடித்து இழுக்கும் கருவியான புல்லர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை.

புது பேரிங்கை ஒரு ராத்திரி பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் சுருங்கும். குழியைச் சூடான துணியால் துடைத்துச் சுத்தமாக்கி, பேரிங்கை வைத்து, பழைய பேரிங்கின் வெளி வளையத்தையே மேலே வைத்துத் தட்டுங்கள். உள் வளையத்தில் ஒரு அடி பட்டாலும் குண்டு ஓடும் பாதையில் பள்ளம் விழும், புது பேரிங் அன்றைக்கே பழசாகிவிடும். தட்டும் சத்தம் மொத்தென்று இருந்தது திடீரென்று டங்கென்று மாறும். பேரிங் குழியின் அடியில் உட்கார்ந்துவிட்டது. நிறுத்துங்கள்.

சீலை, ஸ்பிரிங் தெரியும் உதட்டுப்பக்கம் டிரம்மைப் பார்க்க வைக்க வேண்டும். உதட்டில் தண்ணீருக்குக் கரையாத கிரீஸைத் தாராளமாகத் தடவுங்கள். அதற்கு முன் ஷாஃப்டில் சீல் உரசும் இடத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவு பள்ளம் இருந்தால் புது சீலும் கசியும். அப்போது ஷாஃப்டோடு ஸ்பைடரையும் சேர்த்து மாற்றுங்கள்.

புது பேரிங் போட்டும் சத்தம்

முதல் சில துவைப்புகளுக்கு மெல்லிய கீச்சொலி வந்தால் புது சீல் பழகும் சத்தம், விட்டுவிடுங்கள். கரகரப்பு இருந்தால் தட்டும்போது உள் வளையத்தில் அடி பட்டிருக்கும், மறுபடி பிரிப்பதைத் தவிர வழியில்லை. டிரம்மில் இன்னும் லொடக்கு இருந்தால் புல்லி போல்ட் போதுமான அளவு முறுக்கப்படவில்லையா என்று முதலில் பாருங்கள். மரையைத் துடைத்து, நடுத்தர வலுவுள்ள பூட்டுப் பசை ஒரு சொட்டு விட்டு முறுக்க வேண்டும். சிவப்பு நிறப் பசை வேண்டாம், அடுத்த முறை அதைக் கழற்றப்போவதும் நீங்கள்தான். போல்ட் இறுகியிருந்தும் டிரம் ஆடினால் குழி அகன்றுவிட்டது, டப்பின் பின்பாதியை மாற்றித்தான் ஆக வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் பின் தகட்டை மாட்டும் முன், துணி எதுவும் போடாமல் சுடுதண்ணீரில் ஒரு சுற்று ஓட்டுங்கள். கையை உள்ளே விடாமல், ஷாஃப்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே ஈரம் இல்லையென்றால் தகட்டை மாட்டலாம்.